அப்பா விற்ற பத்மினி: இப்போது தேடி வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 52 வயது. திருச்சியில் வங்கியில் வேலை பார்க்கிறேன். 1984-ல் அப்பா ஒரு பிரீமியர் பத்மினி வாங்கினார், வெளிர் நீல நிறம். பதினெட்டு வயதில் நான் கார் ஓட்டப் பழகியது அதில்தான், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருக்கும் ஹேண்ட் கியர் வண்டி. 1998-ல் என் கல்யாணச் செலவுக்காக அதை விற்றுவிட்டார். அவருக்கு இப்போது 81 வயது. அதுபோல ஒரு வண்டி வாங்கி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளிடம் பாலம் தாண்டி ஒருமுறை போய்வர வேண்டும் என்று ஆசை. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். கோவையில் ஒன்று: சிவப்பு, கேரளப் பதிவு, முழுக்கப் புதுப்பித்தது என்கிறார்கள், 3,40,000 ரூபாய். காரைக்குடியில் ஒன்று: வெள்ளை, 1985 மாடல், நம் ஊர்ப் பதிவு, ஒரே ஓனர். அவர் இறந்துவிட்டார், வண்டி ஒன்பது வருடமாக ஷெட்டில் நிற்கிறது, பிள்ளைகள் மூன்று பேர், 85,000 கேட்கிறார்கள். எதை வாங்கலாம்? அப்பாவின் பழைய வண்டியையே கண்டுபிடிக்க வழி உண்டா? அவரிடம் சொல்லாமல் வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். என் கணவர் இதெல்லாம் வீண் செலவு என்கிறார்.
வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முப்பத்து மூன்று வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், பழைய ஃபியட் (பத்மினியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான், அப்பாவுக்காக வருகிறவர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். காரைக்குடி வண்டியை முதலில் போய்ப் பாருங்கள். கோவை வண்டியையும் பார்க்கலாம், ஆனால் அதற்கு ஒரு காந்தம் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டில் எதற்கும், நான் கீழே சொல்கிற விஷயங்களைப் பார்த்து முடிக்கும்வரை ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பழைய பத்மினி வாங்கும்போது எல்லோரும் முதலில் பானெட்டைத் தூக்கச் சொல்லி இன்ஜினைக் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1089 சிசி, நாலு சிலிண்டர், ஒரு கார்பரேட்டர், அவ்வளவுதான் அந்த இன்ஜின். குர்லாவில் தயாரிப்பு நின்று ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகியும் பிஸ்டன், ரிங், கேஸ்கட், வாட்டர் பம்ப் எல்லாம் சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடினால் கிடைக்கிறது. சிலிண்டரைக் கடைந்து ரீபோர் பண்ணி ஓட்டிவிடலாம், அந்த வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. பணத்தைத் தின்பது தகரமும் பேப்பரும்தான். பத்மினிக்குத் தனி சேஸ் கிடையாது, பாடியும் அடித்தளமும் ஒரே உடம்பு. அடித்தளம் துரு பிடித்துப் போனால் முதுகெலும்பு போன மாதிரி, எந்த இன்ஜின் வைத்தும் பிரயோஜனம் இல்லை. பேப்பர் சரியில்லை என்றால் வண்டி தங்கமாக இருந்தாலும் ரோட்டில் இறக்க முடியாது.

கோவை வண்டியில் என்னைப் பயமுறுத்துவது அந்த "முழுக்கப் புதுப்பித்தது" என்ற வார்த்தைதான். கேரள மழையில் பல வருடம் ஓடிய பாடி, மேலே பளபளவென்று சிவப்பு பெயிண்ட். உள்ளே புதுத் தகரம் வைத்து வெல்டிங் பண்ணியிருக்கிறார்களா, அல்லது ஓட்டையில் பட்டி அப்பித் தேய்த்திருக்கிறார்களா என்பது கண்ணுக்குத் தெரியாது. சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, கதவுகளின் அடிப்பக்கம், சக்கரத்துக்கு மேலே மட்கார்டு வளைவு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி, டிக்கிக்குள் ஸ்டெப்னி உட்காரும் குழி, எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் தகரம், நழுவி விழுந்தால் பட்டி. அப்புறம் தரைக் கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள், ஒட்டியிருக்கிறது, கிழிந்துவிடும் என்றெல்லாம் சொன்னாலும் விடாதீர்கள். அடியில் புதிதாகக் கறுப்பு அண்டர் கோட்டிங் அடித்திருந்தால் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள், டங் என்று கேட்க வேண்டும், சொத்தென்று கேட்டால் உள்ளே எதுவும் இல்லை.

இன்னொன்று, இதைப் பலர் செய்வதில்லை: ஒரு பக்கம் ஜாக்கி போட்டுச் சக்கரம் தரையை விட்டு எழும்பும் அளவுக்குத் தூக்கி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். நல்ல பாடியாக இருந்தால் கதவு எப்போதும் போல மூடும். உடம்பு தளர்ந்த வண்டி என்றால் கதவு சட்டத்தில் இடிக்கும், மூடவே மூடாது. தூக்கும்போது யாரும் அடியில் கையையோ காலையோ வைக்கக் கூடாது, ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டை வைக்கச் சொல்லுங்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2009-ல் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னை நம்பி ஒரு பத்மினி பார்த்துத் தரச் சொன்னார். கரும்பச்சை, கண்ணைப் பறிக்கிற பாலிஷ். இன்ஜின் தையல் மெஷின் போல ஓடியது, அந்தச் சத்தத்தில் நான் மயங்கிவிட்டேன், கார்ப்பெட்டைத் தூக்கவில்லை. மூன்றாவது வாரம் பஞ்சர் ஒட்ட ஜாக்கி போட்டபோது ஜாக்கி தரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. அவர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. டிங்கரிங் செலவை நான் ஏற்றுக்கொண்டேன், இரண்டு மாதம் ஆனது. அன்றிலிருந்து யார் வண்டி பார்க்கக் கூப்பிட்டாலும் நான் முதலில் முட்டி போட்டு அடியில்தான் பார்க்கிறேன்.

சரி, காரைக்குடி வண்டி. செட்டிநாட்டுப் பக்கம் காற்றில் ஈரம் குறைவு, ஷெட்டுக்குள் நின்ற வண்டி, ஒரே குடும்பத்தின் கை. பாடி நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். எலி வயரைக் கடித்திருக்கும், சீட்டுக்குள் கூடு கட்டியிருக்கும், அதெல்லாம் சரி பண்ணிவிடலாம். நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியது திரும்பக் கிடைக்காத சாமான்கள் எல்லாம் வண்டியோடு இருக்கிறதா என்பதைத்தான்: முன் கிரில், இரண்டு பம்பர், கதவுக் கைப்பிடிகள், டாஷ்போர்டு மீட்டர், ஸ்டியரிங் வீல், கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் பட்டை, பெயர் எழுத்துகள். பிஸ்டனை ஒரு நாளில் வாங்கிவிடலாம், நல்ல ஒரிஜினல் கிரில்லுக்கு நான் எட்டு மாதம் அலைந்திருக்கிறேன்.

அங்கே போனதும் பிள்ளைகள் ஆர்வத்தில் புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்பார்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஒன்பது வருடம் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்து கிடக்கும், ரிங் ஒட்டியிருக்கும். செல்ஃப் அடித்துத் திருப்பினால் சும்மா இருந்த இன்ஜினைக் கீறிவிடுவோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, அப்புறம் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், அதை இறக்கி டேங்கைக் கழுவ வேண்டும். பிரேக் நாலும் டிரம்தான், வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாம் கெட்டிப்பட்டிருக்கும், அதனால் இன்ஜின் ஓடினாலும் திருச்சிவரை ஓட்டி வரும் எண்ணமே வேண்டாம், ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள். டயரில் எவ்வளவு பட்டன் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். டயர் பக்கச் சுவரில் நாலு இலக்கம் அச்சாகியிருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். அதைப் பார்த்தாலே வயது தெரிந்துவிடும்.

செலவை உள்ளபடி சொல்கிறேன், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். டிங்கரிங், பெயிண்ட், பிரேக், வயரிங், டயர், சீட், கொஞ்சம் இன்ஜின் வேலை என்று 85,000 ரூபாய் வண்டி ரோட்டுக்கு வரும்போது என் கணக்கில் மூன்று லட்சத்தைத் தொட்டுவிடும். கோவை வண்டியின் விலைக்கே வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று நீங்களே பார்த்து, உங்கள் முன்னால் வேலை நடந்த வண்டி அது. கோவை வண்டி காந்தத்திலும் ஜாக்கியிலும் தேறிவிட்டால், வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் காட்டினால், நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், அதையே எடுங்கள், காரைக்குடி வண்டிக்கு வேலை பார்க்க ஆகும் ஆறு மாதம் மிச்சம். உங்கள் அப்பாவின் வயதுக்கு ஆறு மாதம் பெரிய விஷயம்.

பேப்பருக்கு வருவோம், இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். காரைக்குடி வண்டி 1985 பதிவு. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருடம், அதற்கப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கணக்கில் 2000, 2005, 2010, 2015, 2020. ஒன்பது வருடமாக நிற்கிற வண்டி என்றால் 2020-ல் யாரும் புதுப்பித்திருக்க மாட்டார்கள். அதற்குத் தாமதக் கட்டணம் மாதக் கணக்கில் ஏறியிருக்கும், பசுமை வரி இருக்கும், 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தையும் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். மொத்தம் எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். புதுப்பிக்க வண்டி ஓடுகிற நிலையில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஓனர் இறந்துவிட்டதால் பிள்ளைகள் நேராக உங்கள் பெயருக்கு எழுதித் தர முடியாது. முதலில் படிவம் 31-ல் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற வேண்டும், அதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற இருவரின் சம்மதக் கடிதம் எல்லாம் வேண்டும். அதன் பிறகு அவரிடமிருந்து உங்களுக்கு, படிவம் 29, 30. மூன்று பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டில் இருந்து கையெழுத்துக்கு இழுத்தடித்தால் வருடக்கணக்கில் நிற்கும். அதனால் மூவரிடமும் தனித்தனியாகப் போனில் பேசுங்கள். "அண்ணனுக்குச் சம்மதம், அது போதும்" என்பதை ஏற்காதீர்கள். பழைய ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் பதிந்திருந்தால், கடன் எப்போதோ முடிந்திருந்தாலும் அது ரத்தாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் படிவம் 35 வேண்டும். நீங்கள் வங்கியில் இருப்பவர், இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆர்.சி.யில் உள்ள சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் குத்தியிருப்பதோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். எண் மேல் வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அப்படியே விழும். இடையில் யாராவது டீசல் இன்ஜின் ஏற்றியிருந்தால், அல்லது வேறு பத்மினியின் இன்ஜினை வைத்திருந்தால், அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். நிறமும் அப்படித்தான். வெள்ளையை உங்கள் வீட்டு நீலமாக மாற்றலாம், தாராளமாக மாற்றுங்கள், ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி.யில் நிறத்தை மாற்றிப் பதிந்துகொள்ளுங்கள். கோவை வண்டி என்றால் கேரளத்திலிருந்து தடையில்லாச் சான்று, படிவம் 28, அப்புறம் இங்கே வரி, புது எண். அந்தச் சான்று விற்பவர் கையில் இப்போதே இருக்கிறதா என்று கேளுங்கள், வாங்கித் தருகிறேன் என்பது வேறு. புரோக்கர்கள் "வின்டேஜ் வண்டிம்மா, ரூல்ஸ் எதுவும் கிடையாது" என்பார்கள். 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டியதுதான் வின்டேஜ். எண்பதுகளில் பிறந்த பத்மினிக்கு அது இன்னும் பொருந்தாது. பொருந்தினாலும் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது.

அப்பாவின் பழைய வண்டியைக் கண்டுபிடிப்பது பற்றி. எந்தப் பழைய ஆல்பத்திலாவது நம்பர் தெரிகிற படம் இருக்கும், பூஜை போட்ட நாள் படத்தை யாரும் எடுக்காமல் விட்டிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக்குள் எத்தனை கை மாறினாலும் அந்த மூன்றெழுத்துப் பழைய எண் மாறாது. அதை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். உங்கள் வண்டி 1984, அப்படியானால் புதுப்பிப்பு 1999, 2004, 2009, 2014, 2019, 2024 என்று வரும். பதிவு 2029 வரை செல்லும் என்று காட்டினால் வண்டி உயிரோடு இருக்கிறது, எந்த ஆர்.டி.ஓ. எல்லையில் என்பதும் தெரியும். ஓனர் பெயரை மறைத்துத்தான் காட்டுவார்கள், பரவாயில்லை, அந்த ஊரில் ஃபியட் வேலை பார்க்கிற வயதான மெக்கானிக் ஒருவரைப் பிடித்தால் போதும், ஊரில் எத்தனை பத்மினி எந்த வாசலில் நிற்கிறது என்று விரல் விட்டுச் சொல்வார். 2009-க்கு முன்பே காலாவதி என்று காட்டினால் பெரும்பாலும் எடைக்குப் போயிருக்கும், தேடலை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எண்ணே இல்லை என்று வந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், கணினியில் ஏறாத பழைய பதிவுகள் உண்டு, திருச்சி ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒருமுறை கேளுங்கள். இந்த வேலைக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். வெளி மாநிலம் போயிருந்தால் எண் மாறியிருக்கும், சேஸ் எண் தெரியாமல் அதைப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

இப்போது விற்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இந்த வண்டி செய்த காலத்தில் அப்படி ஒன்று இல்லை. பழைய பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாபிரம், கார்பரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரப்பராக ஒரே தடவையில் மாற்றிவிடச் சொல்லுங்கள், ஹோஸ் கசிந்து சூடான இன்ஜின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கார்பரேட்டரையும் கொஞ்சம் டியூன் பண்ண வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறையாவது பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு பாதி சரி. இது சேமிப்பு கிடையாது. போட்ட பணம் விற்கும்போது திரும்பி வராது, அதை எதிர்பார்த்து வாங்கவே வேண்டாம். மூன்று, மூன்றரை லட்சம் போனாலும் வீட்டில் எந்தக் காரியமும் நிற்காது என்றால் மட்டும் இறங்குங்கள். கடன் வாங்கி இதைச் செய்யக் கூடாது. ஆனால் வீண் என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்துதான் ஒருவர் பத்மினி எடுப்பார். அப்படி எடுத்த வண்டியைப் பதினாலு வருடம் வைத்திருந்து, மகள் கல்யாணத்துக்காகச் சாவியைக் கொடுத்திருக்கிறார் உங்கள் அப்பா. அதைத் திருப்பித் தர நினைப்பது எப்படி வீணாகும்?

ஒரே ஒரு விஷயத்தில் உங்கள் திட்டத்தை மாற்றச் சொல்வேன். அவரிடம் மறைக்காதீர்கள். வேலை முடிந்து வாசலில் நிற்கிற நாள் ஒரு நாள்தான் சந்தோஷம். இப்போதே சொன்னால் அந்த ஆறு மாதமும் அவருக்குச் சந்தோஷம். எந்த நீலம் என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும், பெயிண்ட் கடையில் அட்டையை அவர் கையில் கொடுங்கள். ஹேண்ட் கியரில் ஆட்டம் எவ்வளவு இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது, கிங்பின்னுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும், இதெல்லாம் பதினாலு வருடம் ஓட்டிய கைக்கு மறந்திருக்காது. என் பட்டறைக்கு இப்படி வந்த பெரியவர் ஒருவர், காது சரியாகக் கேட்காதவர், பானெட் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு "டேப்பட் லூஸ்" என்றார். திறந்து பார்த்தோம், லூஸ்தான். உங்கள் அப்பாவை ஓட்ட விட வேண்டாம், அது வேறு விஷயம். முன்னால் இருப்பது ஒரே நீள சீட், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கியர் மாற்றுவதைத் திருத்திக்கொண்டே வரட்டும். இரண்டு பேருக்கும் சீட் பெல்ட் மட்டும் வைத்துவிடுங்கள், பழைய வண்டி, டிரம் பிரேக், முன்னால் போகிறவருக்கு நல்ல இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

காரைக்குடிக்குக் காலையில் போங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது. வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளச் சொல்லிவிட்டுப் பாருங்கள், இருட்டில் துரு தெரியாது. காந்தம், டார்ச், வெள்ளைத் தாள், பென்சில், முட்டி போட ஒரு பழைய சாக்கு. அடிப்பக்கம், நாலு கதவின் கீழ்ப்பகுதி, டிக்கிக் குழி, பேட்டரி உட்காரும் இடம், சேஸ் எண், ஆர்.சி. புத்தகத்தின் எல்லாப் பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு எவ்வளவுக்குக் கேட்கலாம் என்று சொல்கிறேன்.